முன்பு தோண்டிய மண்

“உனக்கு இஞ்சை என்னடி அலுவல்?”

யோகம்மா அந்தப் பெண்ணின் கையிலிருந்த மாலையைப் பறித்து வேலிக்கு மேலால் எறிந்தாள். ஒழுங்கையில் நிறுத்தியிருந்த யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள் கைபிடியில் அது மாட்டிக்கொண்டு தொங்கியது. பந்தலுக்குள் கதிரைகளில் இருந்த ஆண்கள் கதையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். பறை அடித்தவர்கள்கூடக் கையை ஓயவிட்டுப் பார்த்தார்கள்.

“என்ரை தம்பியை மண்ணுக்கை தாட்டுப்போட்டு மாலை கொண்டு வாறியோ? ஃபைலைத் தூக்கிக்கொண்டு திரியத் தெரிஞ்ச உனக்கு, மண் விழுமோ விழாதோ எண்டு பார்க்கத் தெரியேல்லையோ?”

அந்தப் பெண் தாட்சாயினி. எதிர்க்காணியில் கட்டத் தொடங்கியிருக்கும் நெல் களஞ்சியத்துக்குப் பாதுகாப்பு அலுவலர். வேலையாட்களுக்கு அவள் ‘சேப்டி மிஸ்’. இருபத்துநான்கு வயது. முள்ளியவளையிலிருந்து தினமும் காலையில் பஸ்ஸில் விசுவமடுவுக்கு வந்து இறங்கி, வெயில் தாழ்ந்த பிறகு அதே பஸ்ஸில் திரும்புகிறவள். யோகம்மா ஏசி முடிக்கும்வரை தலையைக் குனிந்தபடி நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வேலிப் படலையைக் கடந்து போனாள்.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த பத்மாசனி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் கிடந்தவன் கோகுலன், அவளுடைய புருஷன். ஏசியவள் அவனுடைய தமக்கை. ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும், யோகம்மாவின் வாய் அடைத்துப்போயிருக்கும். ‘அந்தப் பிள்ளையை ஏசாதேங்கோ மச்சாள், என்னை ஏசுங்கோ’ என்ற அந்த வசனம் இரண்டு நாளாகப் பத்மாசனியின் தொண்டைக்குள் நின்றது. மடியில் மகள் தேனுகா தலைவைத்துக் கிடந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அழுது களைத்து, வாயைத் திறந்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பத்மாசனி அவளுடைய நெற்றியில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிவிட்டாள். வசனம் மறுபடி உள்ளே இறங்கிவிட்டது.

ஐந்து கிழமைக்கு முன்னர் அந்தப் பெண் இதே முற்றத்துக்குத்தான் முதன்முதலாக வந்தாள். கையில் நீல நிற ஃபைல், காதில் செருகிய பேனை, வெயிலில் சிவந்த முகம். செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “அன்ரி, எதிர்க்காணி முந்தி உங்கடை அப்பான்ரையாம். அதுக்குள்ள கிணறு, கிடங்கு, பங்கர் ஏதும் இருந்ததோ?” என்று கேட்டாள்.

“இல்லை,” என்றாள் பத்மாசனி.

யோசித்துச் சொன்ன சொல் இல்லை அது. ஃபைலோடு வந்து கேட்கிறவர்களுக்குச் சொல்லுகிற சொல். முகாமில் கேட்டார்கள், மீளக் குடியேறியபோது கேட்டார்கள், கண்ணிவெடி எடுக்க வந்தவர்கள் கேட்டார்கள், சிவில் உடையில் வந்தவர்களும் கேட்டார்கள். ஓம் என்று சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். பக்கத்து வளவுக்காரர் பங்கர் என்ற பதுங்குகுழி இருந்தது என்று வாயைத் திறந்த குற்றத்துக்கு, பதினான்கு மாதம் அவருடைய கிணற்றைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டிக் கிடந்தது. யார் வெட்டினது, யார் இருந்தது, அவர் இப்போது எங்கே என்று ஆள்மாறி ஆள் வந்து துருவினார்கள். எதிர்க்காணியில் இருந்த பத்மாசனி வீட்டுப் பங்கரை வெட்டியது அவளுடைய அண்ணன். அவன் தொண்ணூறாம் ஆண்டில் பிறந்தவன், சண்டைக்கு ஆள் பிடித்த வயது. இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை முடிந்து எல்லோரும் முகாமுக்கு வந்தபோது அவன் வரவில்லை. அவனைப் பற்றி எழுதிக்கொண்டு போன எந்த ஃபைலும் திரும்பி வரவில்லை. அப்படியிருக்கப் பங்கர் என்ற சொல்லை அவள் ஏன் வாயில் எடுக்கப்போகிறாள்?

“ஆட்டுக் கொட்டில்தான் இருந்தது,” என்று கூடவே ஒரு சோடனையும் போட்டாள். அந்தப் பெண் நம்பி எழுதிக்கொண்டாள். இன்னும் நாலு வீட்டில் கேட்டாள். அவர்களும் அதே மாதிரி இல்லை என்றார்கள். அவர்களுக்குத் தெரியாது என்றாவது சொல்லலாம்.

வேறொரு காரணமும் இருந்தது. பத்து வருடமாக வவுனியாவுக்கும் மன்னாருக்கும் கட்டட வேலைக்குப் போய், மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் தங்கிய மனுசன், அந்தக் கிழமைதான் எதிர்க்காணியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மத்தியானம் ஒழுங்கையைக் கடந்து வந்து, தன் வீட்டுக் குசினியில், தன் கோப்பையில் சோறு சாப்பிட்டான். பங்கர் என்று ஒரு சொல் சொன்னால் வேலை நின்றுவிடும் என்று அவள் உள்ளூரப் பயந்தாள்.

அன்று மத்தியானம் அவன் கேட்டான். “சேப்டி மிஸ் வந்தவாவாம்? என்ன கேட்டவா?”

“காணி என்ன மாதிரி எண்டு கேட்டவா. வெறுங்காணி எண்டனான்.”

“அவா நல்லாத் துருவுவா. எங்களுக்குத் தலையிலை அந்தப் பிளாஸ்ரிக் சட்டியைக் கவுக்காமல் உள்ளை விடமாட்டா,” என்று சிரித்துவிட்டு அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். கோகுலன் வவுனியா ரவுணில் வளர்ந்தவன். சண்டைக்காலத்தில் வன்னிக்குள் ஒரு நாளும் இருந்ததில்லை. ‘நீங்கள் பங்கர்ச் சனம், மழைக்கும் குனிஞ்சுதான் ஓடுவியள்’ என்று பெண்சாதியைச் சீண்டுவான். அவளும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். எதிர்க்காணியில் பதினேழு நாள் எப்படி இருந்தோம் என்று அவனுக்கு அவள் சொன்னதே இல்லை. சொல்லத் தொடங்கினால் அண்ணனில் போய் முடியும் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை பதினொன்றரை இருக்கும். பெக்கோ மெஷின் வெட்டிவிட்டுப்போன அத்திவாரக் கிடங்குக்குள் இறங்கி, அடியை மண்வெட்டியால் மட்டம் செய்துகொண்டிருந்தான் கோகுலன். ஐந்தடிக்கும் கூடிய கிடங்கு. தெற்குச் சுவர் அப்படியே பெயர்ந்து அவன்மேல் விழுந்தது. பத்மாசனி உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போனபோது கூட வேலைசெய்த ரஜிதன் வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தான். அலவாங்கு, மண்வெட்டி போட்டால் ஆளில் பட்டுவிடும் என்று எல்லோருமே கையாலும் சட்டியாலும்தான் அள்ளினார்கள். வெளியே எடுத்தபோது கோகுலனின் வாய் நிறைய மண் இருந்தது. சரிந்த மண்ணோடு உடைந்த ஓடுகளும், உக்கிய தென்னங்குத்தியும், நைந்துபோன ஒரு சேலைத் துண்டும் வந்தன. நீலத்தில் மஞ்சள் கரை. பழைய குப்பைக் கிடங்கு போல என்று சொல்லி யாரோ அதைக் காலால் தள்ளிவிட்டார்கள். பத்மாசனி அந்தச் சேலையைத் தன் கையால் பங்கருக்கு அடுக்கும் பையாகத் தைத்து மண் நிரப்பியவள். புருஷனுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அந்தச் சேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று ஆஸ்பத்திரியில் மரண விசாரணை அதிகாரி அந்தப் பெண்ணை நிற்கவைத்துக் கேட்ட கேள்விகள் எல்லாம் பத்மாசனியின் காதில் விழுந்தன. ஏன் கிடங்குக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுக்கவில்லை என்று கேட்டார். படிவத்தில் ‘இந்த மண் முன்பு தோண்டப்பட்டதா’ என்று ஒரு கேள்வி இருக்கிறது, ஓம் என்றால் எவ்வளவு ஆழமானாலும் முட்டுக் கொடுத்தே ஆகவேண்டும், இல்லை என்றால் இந்தக் கெட்டி மண்ணுக்கு ஆறடிவரை தேவையில்லை என்று விட்டிருந்தார்கள், அயலில் விசாரித்துத்தான் இல்லை என்று எழுதினேன் என்றாள் அவள். அயலில் யார் என்று கேட்டார் அதிகாரி. அவள் பத்மாசனி இருந்த வாங்குப் பக்கம் திரும்பவே இல்லை. “நாலைஞ்சு வீட்டிலை கேட்டனான் சேர். பேர் எழுதேல்லை. அது என்ரை பிழை,” என்றாள்.

அதிகாரி பத்மாசனியிடமும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்தில் தேனுகா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். “எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா,” என்று சொல்லிவிட்டாள் பத்மாசனி.

ஐயர் வந்து கிரியை தொடங்கும்வரை பந்தலுக்குள் மறுபடி கதை கிளம்பியது. பெட்டிக்குப் பின்னால் இருந்த சன்னலுக்கு வெளியேதான் வேலைத்தள மேற்பார்வையாளர் குகதாசனும் ரஜிதனும் நின்றார்கள். குகதாசன் கெட்டவர் இல்லை. புதன்கிழமை வாய்விட்டு அழுதவர். இரண்டு இரவு நித்திரை கொள்ளாமல் செத்த வீட்டு அலுவலெல்லாம் ஓடி ஓடிப் பார்த்தவரும் அவர்தான். ஆனால் வானத்தில் கருக்கல் கண்டால் அவருக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

“திங்கக்கிழமை மேற்குப் பக்கம் வெட்டத் தொடங்கவேணும் ரஜிதன். மாரி பிடிச்சுதெண்டால் கிடங்கெல்லாம் தண்ணி.”

“அந்தப் பக்கமும் சரிஞ்சால் என்ன செய்யிறது அண்ணை?”

“அது கல்லுப்போல மண். தெற்கு மூலையிலை ஆரோ குப்பை தாட்டிருக்கிறாங்கள், அதுதான் விழுந்தது. அதையெல்லாம் பெக்கோவாலை வழிச்சு எடுத்தாச்சு. பொலிசும் பார்த்து ஓமெண்டிட்டினம்.”

“மிஸ் வந்து பார்க்கமாட்டாவோ?”

“அவாவை வேலையாலை நிப்பாட்டியாச்சு. பின்னேரப் பஸ்சிலை சாமானெல்லாம் எடுத்துக்கொண்டு போறா. புது ஆள் வரமட்டும் நாங்கள்தான் பார்த்துப் பார்த்துச் செய்யவேணும். நீ இறங்கு, நான் மேலை நிண்டு பார்க்கிறன்.”

பத்மாசனி சன்னல் பக்கம் திரும்பினாள். குப்பைக் கிடங்கென்றால் எடுத்ததோடு முடிந்தது. அது பங்கர். அண்ணன் வெட்டிய பங்கர் ஒற்றை நேர்க்கிடங்கு இல்லை. ஒரு பக்கம் செல் விழுந்தால் மறுபக்கத்தில் உயிர் தப்ப வேண்டும் என்று, வன்னியில் எல்லோரும் வெட்டியதுபோல ‘ட’ வடிவில் வெட்டியது. தெற்கு மூலையில் விழுந்தது அதன் ஒரு கை. அது முடிகிற இடத்தில் திரும்பி, மேற்குப் பக்கமாக இன்னொரு கை போகிறது. திரும்பி வந்த வருடம் அப்பாவும் அவளுமாக மூன்று நாள் நின்று, கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டு அதை மூடினார்கள். மூடியவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது அவள் மட்டும்தான். மேலே கிரவல் கொட்டி உருளை ஓட்டிய பிறகு பார்க்கிறவர்களுக்கு அது கல்லுப்போலத்தான் இருக்கும்.

ரஜிதனின் விரல்களைச் சன்னலூடாகப் பார்த்தாள். அன்றைக்குத் தோண்டியதில் பத்தில் நான்கு நகம் போய்விட்டது. துணி சுற்றியிருந்தான். அவனுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று கோகுலன் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்து, ‘தேப்பனைப்போல மூக்கு’ என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

யாரிடமாவது சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தாள். ஆனால் எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று வாயால் சொன்னால் யாருக்கு விளங்கும்? வேலியும் மரமும் எல்லாம் போய்விட்டன. காலால் நடந்துதான் காட்டவேண்டும். குகதாசனிடம் சொன்னால் கவலை தலைக்கேறிவிட்டது என்று தேத்தண்ணி கொடுத்து இருத்திவிடுவார். எழுதி வைக்கிறவள் பின்னேரம் போய்விடுவாள். தாலி கழற்றியவள் முப்பத்தொரு நாளுக்குப் படலை தாண்டக்கூடாது என்று யோகம்மா கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக் காத்திருப்பாள். ஆக, இன்றைக்குள் சொல்லவேண்டும். சொன்னால் தேனுகாவுக்குத் தெரிந்துவிடும். இந்த ஊரில் ஒரு சொல் ஒழுங்கையைத் தாண்ட ஒரு நாழிகை போதும். அப்பாவைக் கொன்றது அம்மாவின் வாய் என்று ஒரு பிள்ளை எப்படித் தெரிந்துகொண்டு வளரும்?

கிரியை முடிந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். யோகம்மாவின் மகன் அனோஜன் கொள்ளிக்குடம் தூக்க ஆயத்தமாக வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நின்றான். பத்மாசனி தாலியைக் கழற்றிப் புருஷனின் நெஞ்சில் வைத்தாள். ஒப்பாரி உச்சத்துக்குப் போனது. ‘இஞ்சருங்கோ, உங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்…’ என்றுதான் அவளுக்குள் ஓடியது. பெட்டியை மூடினார்கள்.

முன்பக்கத் தோள் கொடுத்தவர்களில் ரஜிதனும் ஒருவன். பறை முன்னே போனது, பெட்டி போனது, ஆண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள். பெண்கள் படலைவரை ஓடிவந்து நின்றார்கள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, வீடு கழுவித் தலைமுழுக வேண்டும் என்று ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

பத்மாசனி திரும்பவில்லை. எதிர்க்காணித் தகரக் கொட்டிலடியில் தாட்சாயினி நின்றாள். பெட்டி போகும்போது மரியாதைக்கு வெளியே வந்து நின்றவள், காலடியில் ஒரு தோள்பை, அதற்கு மேல் அந்த நீல ஃபைல்.

“பத்மா, வா உள்ளை. தலையிலை தண்ணி வாக்கவேணும்,” என்று யோகம்மா தோளைப் பிடித்தாள்.

“வாறன் மச்சாள். ஒரு அலுவல் இருக்கு.”

“இப்ப உனக்கு என்ன அலுவல்? உனக்கென்ன விசரே? செத்த வீட்டுத் துடக்கோட எங்கை போறாய்?”

பத்மாசனி ஒழுங்கையைக் கடந்தாள். தேனுகா “அம்மா, அம்மா” என்று பின்னால் ஓடிவந்தாள். வீட்டுக்குப் போ என்று சொல்லத்தான் பத்மாசனி திரும்பினாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமல் நடந்தாள். இன்னொருத்தர் வாயால் கேட்பதைவிடத் தன் வாயாலேயே கேட்கட்டும் என்று இருந்தது.

தாட்சாயினி பயந்துபோய் இரண்டு அடி பின்வாங்கினாள். அடிக்க வருகிறாள் என்றுதான் நினைத்திருக்க வேண்டும்.

“அண்டைக்கு நீங்கள் கேட்கேக்கை நான் பொய் சொன்னனான் பிள்ளை,” என்றாள் பத்மாசனி. இரண்டு நாளில் அவள் உரத்துப் பேசிய முதல் வசனம் அதுதான். “இதுக்குள்ள எங்கடை பங்கர் இருந்தது.”

தாட்சாயினி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் பொலுபொலு என்று வழிந்தது. புறங்கையால் துடைத்தாள்.

“எங்கை அன்ரி?” என்று மட்டும் கேட்டாள்.

“அவர் விழுந்த இடத்திலை ஒரு கை. அது முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ. அது உதிலை திரும்புது. திங்கக்கிழமை வெட்டப்போற பக்கம். ரஜிதன் இறங்கப்போறானாம்.”

“எனக்குக் காட்டுவியளோ?”

பத்மாசனி சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கிரவல் தரையில் இறங்கினாள். சரிந்த கிடங்கின் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. பெக்கோ வழித்த மண் குவியலில் ஒரு கால் செருப்புக் கிடந்தது. கோகுலனுடையது. அவள் நின்றுவிட்டாள். தாட்சாயினியும் நின்றாள், அவசரப்படுத்தவில்லை. பிறகு பத்மாசனி வீட்டுப் படலையைத் திரும்பிப் பார்த்து ஒரு நேர் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

“வாசல் இதிலை. மூண்டு படி.” நடந்தாள். “இதிலை திரும்பும்.” அவள் காட்டிய இடங்களில் எல்லாம் தாட்சாயினி ஒவ்வொரு செங்கல்லாகத் தூக்கிவந்து வைத்தாள். “இதிலை அப்பா படுப்பார். இதிலை நானும் அம்மாவும். கடைசியிலை, காலை நீட்ட இடமில்லாத மூலையிலை அண்ணா.” எட்டு அடி வைத்து நின்றாள். “இதோட சரி.”

செங்கற்கள் மேற்குப் பக்க அத்திவாரத்துக்காக இழுத்துக் கட்டியிருந்த நூலுக்கு நேர் கீழே கிடந்தன. தாட்சாயினி அதைப் பார்த்துவிட்டு ஃபைலைத் திறந்தாள். நிற்பாட்டப்பட்ட பிறகு தான் எழுதுவது செல்லுமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் எழுதினாள்.

“ஆர் சொன்னது எண்டு பேர் போடட்டோ அன்ரி?”

“போடுங்கோ. வீரபாகு பத்மாசனி. கோகுலன்ரை பெண்சாதி எண்டும் போடுங்கோ.”

தேனுகா கிரவலின் விளிம்பில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவள் கேட்ட கேள்விக்குத்தான் பத்மாசனி இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பாவுக்குத் தெரியுமோ, இதுக்குள்ள பங்கர் இருந்தது?”

“இல்லை பிள்ளை. நான் சொல்லேல்லை.”

சுடலைப் பக்கம் பறைச் சத்தம் தேய்ந்துகொண்டு போனது. படலையில் யோகம்மா வாளியோடு நின்று இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டிருப்பாளோ என்னவோ, கூப்பிடவில்லை.

“ஆழம் எவ்வளவு வரும் அன்ரி?” என்றாள் தாட்சாயினி மெதுவாக.

பத்மாசனி வலது கையை மண்ணுக்கு மேலே, தன் உச்சியளவுக்கு உயர்த்திப் பிடித்தாள். “நான் நிமிர்ந்து நிண்டால் மேலை போட்ட குத்தியிலை தலை முட்டும். அண்ணா குனிஞ்சுதான் நிப்பார்.” சரிந்த கிடங்கைப் பார்த்தாள். “இவர் அண்ணாவிலும் உயரம்.”

கையை அவள் இறக்கவில்லை. தேனுகா கிரவலுக்குள் இறங்கி, செங்கற்களை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். நீட்டிய கைக்கும் பிள்ளையின் உச்சிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. தாட்சாயினி ஐந்தடி என்று எழுதினாள்.